சில்லர் அண்ணனின் கம்பளிக் கடை

உலகத்தில் குளிரைத் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்வெட்டர் தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆள், ஒரே கட்டடத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி தயாரித்தது, எனக்குத் தெரிந்து, சில்லர் அண்ணன் மட்டும்தான்.

தொம்மலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. பெங்களூர்க் காற்றை நம்பித்தான் பாதி தேசம் இந்த ஊரில் வந்து குடியேறியது. அந்தக் காற்று தப்பித் தவறிக்கூட உள்ளே வந்துவிடாதபடி சுற்றிலும் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, மிஷின் வைத்து வேறு காற்று செய்துகொண்டிருந்தார்கள். நான் வாணியம்பாடி வெயிலில் பிறந்து, காய்ந்து, வற்றலாகி வந்தவன். முதல் நாள் கதவைத் திறந்ததும் தவறிப்போய் ஐஸ் ஃபாக்டரிக்குள் நுழைந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மதியம் டப்பாவைத் திறந்தால் ரசத்தின் மேல் நெய் உறைந்து ஆடை கட்டியிருக்கும். அதை ஸ்பூனால் உடைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

மொட்டை மாடியில் லாரி அளவுக்கு ஒரு ஏசி மிஷின் நின்றது. அதற்குச் சில்லர் என்று பெயர். அதை ஓட்டியவர் சில்லர் அண்ணன். கான்ட்ராக்ட் கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அட்டையின் மேல் எப்போதும் ஒரு நூல் பந்து தொங்கிக்கொண்டிருந்ததால் அதை யாராலும் படிக்க முடிந்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, ஒட்டடைக் கம்பு உயரம், சாம்பல் நிற யூனிஃபார்ம், பேன்ட் பாக்கெட்டில் இரண்டு நீளமான ஊசிகள். தினமும் காலையில் வாசலில் செக்யூரிட்டியின் கருவி அவரைக் கண்டு அலறும். தினமும் அவர் ஊசிகளை எடுத்துக் காட்டுவார். செக்யூரிட்டி பையன் ஒரு கட்டத்தில் சலித்துப்போய், கருவி அலறாவிட்டால்தான் அவரை நிறுத்தி, “என்னா அண்ணா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்க ஆரம்பித்தான்.

பின்னல் அவருக்கு வந்தது சிகரெட்டின் வழியாக. டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னதும், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, கான்வென்டில் கற்றுக்கொண்ட தன் ஊசிகளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். “கை சும்மா இருந்தா தானே பாக்கெட்டுக்குப் போகும்” என்பது அக்காவின் வைத்தியம். சிகரெட் போனது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதிய மனிதர் எந்த வேகத்தில் ஊதினாரோ அதே வேகத்தில் பின்ன ஆரம்பித்துவிட்டார். பின்னும்போது வாய்க்குள் கண்ணிகளை எண்ணிக்கொண்டே இருப்பார். லிஃப்டில் பெரிய மேனேஜர் வந்து குட்மார்னிங் சொன்னால், “நாப்பத்திரெண்டு” என்று பதில் வரும். மேனேஜர் அதை ஏதோ கன்னட வணக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

கடைக் கம்பளி நூல் அவருக்குப் பிடிக்கவில்லை. “பிளாஸ்டிக்குபா அது, நெருப்பு காட்டினா உருகும்” என்றார். சிவாஜிநகரில் ஒரு பாயைப் பிடித்து, சித்ரதுர்கா பக்கத்திலிருந்து வரும் ஆட்டு ரோமத்தை மூட்டையாக வாங்கினார். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் கொடுப்பார்களே, நூல் நூற்கும் அந்தத் தக்ளியைத் தேடிப் பிடித்தார். பம்ப் ரூமைப் பார்க்கப் போகும்போதும் வரும்போதும் அவர் கையிலிருந்து தக்ளி சுழன்றுகொண்டே தொங்கும். வேலையும் நடக்கும், நூலும் நீளும். மழைக்காலத்தில் லிஃப்டுக்குள் நின்றால் ஆட்டுக் கிடைக்குள் நிற்பது போலிருக்கும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்தில் பண்ணை ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார்.

சாயமும் ஆபீஸ் சரக்குதான். எங்கள் மாடியில் டீ, காபி போடும் பேன்ட்ரியின் மூலையில் ஒரு மின்சார அடுப்பு, அதன் மேல் ஒரு பெரிய அலுமினியப் பானை. கேன்டீன் வெங்காயத் தோல், வடிகட்டிய டீத்தூள், மீட்டிங்கில் குடிக்காமல் விட்ட காபி, எல்லாம் அதற்குள் போகும். காலையில் ஏற்றினால் சாயங்காலம் வரை கொதித்துக்கொண்டிருக்கும். நிறங்களுக்கு அவரே பெயர் வைத்தார். ‘நாலாம் மாடி டீ’ நல்ல பழுப்பு. ‘கேன்டீன் வெங்காயம்’ ஆரஞ்சு கலந்த மஞ்சள். ‘மீட்டிங் காபி’ என்பது எந்த முடிவுக்கும் வராத ஒரு நிறம்.

அவருடைய முதல் ஸ்வெட்டர் அக்கவுண்ட்ஸ் ஹேமலதா அக்காவுக்குப் போனது, இனாமாக. ஹேமலதா அக்கா தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சீட்டுக்கு நேர் மேலேதான் ஏசி காற்று இறங்கும். அவர் தும்மலைக் கேட்டே நாங்கள் மணி சொல்வோம்.

“முன்னாடில்லாம் இவ்ளோ குளிர் கிடையாதுபா. ஒரு வருஷமா தான் இந்தப் பேஜாரு” என்பார்.

சில்லர் அண்ணனிடம் முறையிட்டால் அவரும் எங்களோடு சேர்ந்து முறையிடுவார். “நான் இருபத்தி நாலுல தாம்பா வச்சிருக்கேன். மிஷினு கேக்கல. கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், இஞ்சினியரு ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு போயிட்டான். குளிரக் கொறைக்க என்னால ஆவல. போத்திக்கவாச்சும் ஒண்ணு குடுக்குறேன், வாங்கிக்க.”

ஹேமலதா அக்காவின் தும்மல் நின்றதைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணனும் காசு வாங்கிக்கொண்டு பின்ன ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் அவருக்குக் காசு தேவைப்பட்டது. பெங்களூரில் லீஸ் என்று ஒரு முறை உண்டு. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். ரிச்சர்ட்ஸ் டவுனில் அண்ணன் குடியிருந்த வீட்டுக்காரர், ஜூன் மாதத்துக்குள் தொகையைக் கூட்டித் தராவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலி செய்தால் ஊருக்கு வெளியே, ஹொசகோட்டையைத் தாண்டித்தான் வீடு கிடைக்கும். ஸ்டெல்லா அக்கா பிறந்தது அந்தத் தெரு. அவர் பாடும் சர்ச் அந்தத் தெருக்கோடி.

“என்னை எங்க கொண்டு போய்ப் போட்டாலும் கெடப்பேன் தம்பி. அவ அந்தத் தெருவ விட்டா பேச்சே கொறைஞ்சுடும். அவ பேசலன்னா வூட்டுல நான் யார்கிட்டத் திட்டு வாங்குறது?” என்றார் என்னிடம்.

ஆபீஸில் எத்தனை பேருக்குத்தான் விற்க முடியும். நான்தான் அவருக்கு ஆன்லைனில் கடை வைத்துக் கொடுத்தேன். ‘ஸ்டெல்லா கம்பளி’ என்று பெயர். நூலும் விற்போம், ஸ்வெட்டரும் விற்போம். என் ஆங்கிலப் புலமையெல்லாம் திரட்டி, ‘மேகத்தைப் போல் மென்மையானது’ என்று முதல் வரி எழுதினேன்.

“மேகத்த நீ தொட்டுப் பாத்தியா?” என்று கேட்டார்.

“இல்லண்ணா.”

“அப்ப எடு அத.”

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது இது: ‘ஸ்வல்ப அரிக்கும். ஒரு வாரத்தில் தோல் பழகிவிடும். பழகாவிட்டால் உள்ளே முழுக்கைச் சட்டை போடவும். மழை நாளில் ஆட்டு வாசனை வரும். ஆட்டிலிருந்து எடுத்தால் ஆட்டு வாசனைதான் வரும்.’

இந்தக் கடை ஒரு வாரம்கூடத் தாங்காது என்று நினைத்தேன். சனங்களுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, அந்த வரிகளைப் படித்துச் சிரித்து ஒருவருக்கொருவர் அனுப்பி, வாங்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். சிம்லாவிலிருந்து ஒருவர் வாங்கினார். அன்று முழுக்க அண்ணனின் கால் தரையில் பாவவில்லை. “குளிர்லயே பொறந்த ஊர்க்காரன் நம்மகிட்ட வாங்குறான். திருப்பதிக்காரன் நம்மகிட்ட லட்டு வாங்குன மாதிரி” என்று மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

வெளியூருக்குப் போகும் ஒவ்வொரு ஸ்வெட்டரும் முதலில் எங்கள் உடம்பில் ஏறி இறங்கும். சாஃப்ட்வேர் ஆபீஸில் இருந்து இருந்து அவரும் எங்கள் பாஷையைப் பிடித்துவிட்டார். ஏசி காற்று இறங்கும் இடத்தில் ஒருவரை உட்கார வைத்து, மதியம் வந்து விசாரிப்பார்.

“பக் ஏதாவது இருக்கா?”

“கக்கத்துல பிடிக்குதுண்ணா.”

“மைனரா, கிரிட்டிகலா?”

“கையத் தூக்கினா தான் தெரியுது.”

“கையத் தூக்காத வேலதான் நீ செய்யுற. ஆனாலும் கக்கம்னா கிரிட்டிகல் தான், கழட்டு” என்று வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்துப் பின்னுவார்.

இந்த டெஸ்டிங்தான் அவருக்கு வினையாக வந்தது. ஏப்ரல் மாதம், வெளியே பெங்களூர்க்காரர்களே வெயில் வெயில் என்று புலம்பிக்கொண்டிருந்த நேரம். புதிதாக வந்த அட்மின் மேடம் எங்கள் மாடிக்கு வந்தார். மைசூர் பக்கத்துக்காரர். அதட்டிப் பேச மாட்டார். ஆனால் ஃபைலை மூடும் சத்தத்திலேயே ஆள் ஆடிப்போய்விடுவான். அவர் கண்ணில் பட்டது ஒரு வரிசை முழுக்கக் கம்பளி போர்த்திக்கொண்டு வேலை செய்யும் மனிதர்கள். அதே வாரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ‘ஸ்டெல்லா கம்பளி’யின் கீழே பெயர் போடாமல் எழுதிவைத்தான்: ‘எங்கள் ஆபீஸ் ஏசியை ஓட்டுவது இவர்தான். குளிரை ஏற்றிவிட்டு ஸ்வெட்டரை விற்கிறார்.’

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. மேடம் அவரைக் கூப்பிட்டார்.

“டெம்பரேச்சர் நீங்க கம்மி பண்றீங்களா?”

“இல்ல மேடம். ஸ்டெல்லா மேல சத்தியமா இல்ல.”

“ஸ்டெல்லா யாரு? உங்க கம்பெனியா?”

“பொண்டாட்டி மேடம். கம்பெனிக்கும் அவ பேருதான்.”

மேடத்துக்கு இது திருப்தியாக இல்லை. ஒரு வாரம் அவர் வீட்டில் இருக்க வேண்டும், வேறொரு ஆள் வந்து மிஷினை ஓட்டட்டும், குளிர் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். முடிவு பாதகமானால் கான்ட்ராக்ட் கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கிவிடும். அந்தச் சம்பளம் போனால், பின்னிச் சம்பாதிப்பது சாப்பாட்டுக்கே போய்விடும். பிறகு லீஸ் ஏது, ரிச்சர்ட்ஸ் டவுன் ஏது.

நாங்கள் தைரியமாகத்தான் இருந்தோம். புது ஆள் வந்தாலும் குளிர் குளிராகத்தான் இருக்கும், அண்ணன்மேல் தப்பில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும் என்று காத்திருந்தோம்.

குளிர் போய்விட்டது. அண்ணன் வீட்டுக்குப் போன மறுநாளே ஆபீஸ் கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை ரூம் போல இதமாகிவிட்டது. ரசத்தில் நெய் உருகி மிதந்தது. ஹேமலதா அக்கா ஸ்வெட்டரே போடாமல், தும்மாமல் ஒரு வாரம் வேலை பார்த்தார். அந்த இதத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். மேடம் ஒரு நாள் வந்து, கையை மேலே நீட்டிக் காற்றைப் பார்த்துவிட்டுப் போனார். கடை வைத்துக் கொடுத்தவன் நான். மனிதர் உண்மையிலேயே கிள்ளியிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். நேரிலேயே கேட்டுவிடுவதென்று தீர்மானம். சின்ன வீடு. அடுப்பில் சாயப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வியர்வை வழிய நூலை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். குளிர் போய்விட்டது என்று நான் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“எப்பிடிப் போச்சு? அவன் இன்னா பண்ணான்?”

“ஒண்ணும் பண்ணலண்ணா. நீங்க வச்ச இருபத்தி நாலுலயே தான் விட்டிருக்கானாம்.”

ஸ்டெல்லா அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஃபேன் சுவிட்சைத் திருகினார். “இவரு பானைய ஏத்துனா வூடே கொதிக்குது தம்பி. ஏத்துற அன்னிக்கெல்லாம் ஃபேன அஞ்சுல வைக்க வேண்டியிருக்கு. வெளில இருந்து வர்றவங்க இன்னா இவ்ளோ காத்துன்னு கேக்குறாங்க.”

அண்ணன் பானையைப் பார்த்தார். சுழலும் ஃபேனைப் பார்த்தார். கையிலிருந்த நூல் அப்படியே தரையில் விழுந்தது.

“தம்பி, பேன்ட்ரில இப்ப அடுப்பு எரியுதா?”

“நீங்க இல்லாம யாருண்ணா எரிப்பாங்க?”

“போச்சு” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “சூடு பாக்குற சென்சாரு எங்க இருக்கு தெரியுமா? என் பானைக்கு நேர் மேல, செவுத்துல. ஆவி அடிச்சு அடிச்சு, மாடி பூரா வேவுதுன்னு அது மிஷினுக்குச் சொல்லிக்கினு இருந்திருக்கு. மிஷினும் பாவம், நெஜம்னு நம்பி ஊத்திக்கினே இருந்திருக்கு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சாயம் காய்ச்சியதால் குளிர். குளிரால் ஸ்வெட்டர். ஸ்வெட்டர் விற்றதால் இன்னும் சாயம். கடை வளர வளரக் குளிரும் வளர்ந்திருக்கிறது. இஞ்சினியர் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையன்று பானை ஏறவில்லை. கிள்ளியது அவரேதான். கிள்ளுகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னேன். “அண்ணா, இது வேற யாருக்கும் தெரியாது. பானைய எடுத்துடலாம். மிஷின்ல ஏதோ கோளாறு, தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாம்.”

“அரிக்கும்னு எழுதி விக்கிறவன் நான். இதுல மட்டும் மேகம் மாதிரி இருக்கும்னு சொல்லச் சொல்றியா?” என்றார். ஸ்டெல்லா அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலை போகும், வீடு போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

திரும்பும் வழியில் ஹேமலதா அக்காவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடமாக அந்தக் குளிருக்கு நேர் கீழே உட்கார்ந்தவர், நியாயமாகப் பார்த்தால் அவருக்குத்தான் கோபம் வர வேண்டும். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, “அவரு சொல்ல வேண்டியத அவரு சொல்லட்டும். நாம சொல்ல வேண்டியதும் ஒண்ணு இருக்குல்ல” என்றார்.

திங்கட்கிழமை காலை நாலாம் மாடியில் ஒருவர் பாக்கியில்லாமல் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். டீ, வெங்காயம், காபி, எல்லா நிறமும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. வெளியே ஏப்ரல் வெயில், உள்ளே இதமான இருபத்து நாலு, உடம்பில் சித்ரதுர்கா ஆட்டு ரோமம். பத்து மணிக்கெல்லாம் கழுத்திலிருந்து முதுகுக்கு ஆறு ஓடியது. அந்த ஆற்றோடு அரிப்பும் சேர்ந்துகொண்டது. ஒருவர் முதுகை ஒருவர் ஸ்கேலால் சொறிந்துவிட்டுக்கொண்டு மேடத்துக்காகக் காத்திருந்தோம்.

மேடம் வந்தார். நின்றார். “என்ன இது? குளிர் தான் இல்லையே. எதுக்கு எல்லாரும் போட்டிருக்கீங்க?”

ஹேமலதா அக்கா எழுந்து, மூக்கு நுனியில் தொங்கிய வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “குளிருக்காக மட்டும் வாங்கியிருந்தா, குளிர் போனதும் கழட்டியிருப்போம் மேடம்.”

அந்த நேரம் பார்த்துச் சில்லர் அண்ணன் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

“யாருடா சொன்னது உங்களுக்கு? வேர்வ பட்டா கம்பளி சுருங்கிப் பாய் மாதிரி ஆயிடும். கழட்டுங்க எல்லாரும். முதல்ல கழட்டுங்க.”

யாரும் கழற்றவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு மேடத்தின் பக்கம் திரும்பினார். “மேடம், இவங்க சொல்றத விடுங்க. குளிர ஏத்தினது நான் தான்” என்றார்.

பேன்ட்ரிக்குக் கூட்டிக்கொண்டு போய், கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, சுவரிலிருந்த சின்ன வெள்ளை டப்பாவுக்கு அடியில் ஆவி படும்படி பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூரையில் மெல்ல ஒரு இரைச்சல் கிளம்பி, ஜிலுஜிலுவென்று காற்று இறங்கியது. அவர் குற்றவாளி என்பதற்கு அதைவிட ருசு வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காற்று பட்டதும், வெந்துகொண்டிருந்த மாடி மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு, “அப்பாடா” என்றது.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

“நீங்களா வந்து சொல்லாம இருந்தா நான் அனுப்பியிருப்பேன், கொத்தா, தெரியுமா?” என்றார். “பேன்ட்ரில பானை கூடாது. கண்டிப்பா கூடாது. மேல மொட்டை மாடில வச்சுக்கங்க. அந்த டப்பாவை இடம் மாத்துங்க. கம்பெனிக்கு நான் பேசறேன். ஆயித்து, முடிஞ்சது, வேலையப் பாருங்க.”

அண்ணன் கெட்டிலைப் பிடித்தபடியே நின்றார். நான்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

அன்று சாயங்காலமே கடையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இந்தச் சாயத்தால் ஒரு ஆபீஸ் ஒரு வருடம் குளிரில் நடுங்கியது. அதற்கு வருந்துகிறேன்.’ அந்த வரிக்கே தனியாக ஆர்டர் வந்தது. பானை மொட்டை மாடிக்குப் போனது. ஜூன் மாதம் லீஸ் புதுப்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருப்பக்கம் போனால் ஸ்டெல்லா அக்கா பாடுவது இன்றைக்கும் வாசல் வரை கேட்கிறது. அண்ணன் சர்ச் மதிலோரம் தக்ளியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போதைய ஆபீஸில் ஏசி ஒரு டிகிரி கூடாமல் குறையாமல் ஓடுகிறது. நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். ஆனால் சித்திரை வெயிலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு ஒருவருக்காக வேர்த்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று, அங்கே யாரைப் பார்த்தும் எனக்கு இதுவரை தோன்றியதில்லை.